லாரிப் படத்துக்கு நான் வக்கீலான கதை

ஜெர்மனிக்கு வந்த புதிதில் என்னை அதிகம் எரிச்சல்படுத்திய சொல் ‘எர்ன்ஸ்ட்ஹாஃப்ட்’. நிஜமாகவா, விளையாட்டில்லாமலா என்று அர்த்தம். காலையில் சோறு சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்றால் எர்ன்ஸ்ட்ஹாஃப்ட்? எங்கள் ஊரில் ஏப்ரல் மாதம் வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள் இருப்போம் என்றால் எர்ன்ஸ்ட்ஹாஃப்ட்? நான் பொய் சொல்கிறேன் என்கிறார்கள் போலிருக்கிறது என்று நெடுநாள் உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தேன். ஒருமுறை பொறுக்கமாட்டாமல், எங்கள் ஊர் வெப்பநிலையைப் போனில் எடுத்து மேஜையில் இருந்த எல்லாரிடமும் காட்டினேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நம் ஊரில் கதை கேட்பவர் நடுநடுவே ‘அப்புறம்’ என்பது மாதிரிதான் இது என்று பிறகு என் மனைவி செல்வி சொல்லித்தான் தெரிந்தது. அவள் இங்கே முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க வயதானவர்களோடு பேசுகிறவள் என்பதால் மொழி என்னைவிட நன்றாகப் பிடிபட்டுவிட்டது. தெரிந்த பிறகும் அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அர்த்தம் கொஞ்சம் கழித்துத்தான் வரும்.

பொட்டலம் கட்டும் இயந்திரங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் படம் வரைகிற வேலை எனக்கு. மதியச் சாப்பாட்டில் எதிரே உட்காருகிறவர் டோர்ஸ்டன். சென்ற வருடம் ஒருநாள் அவர் போனை என் பக்கம் திருப்பி ஒரு வீடியோவைக் காட்டினார். தமிழ்ப் படம். ஒரு லாரி மலையிலிருந்து உருண்டு விழுகிறது. பாதி வழியில் கதாநாயகன் ஹேண்ட்பிரேக்கை இழுக்கிறான். லாரி அந்தரத்திலேயே நின்றுவிடுகிறது. காலமே நின்றுவிட்டதாம். விழுந்துகொண்டிருந்த பாறைகளும் அங்கங்கே தொங்க, அவன் ஒவ்வொன்றாகக் கால் வைத்து இறங்கி, லாரியில் தொற்றிக்கொண்டு வந்த அடியாட்களை அடித்துப் போட்டுவிட்டு, மறுபடி ஏறி உட்கார்ந்து பிரேக்கை விடுகிறான். டோர்ஸ்டனுக்குக் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரிப்பு. மேஜையில் மற்றவர்களும் சிரித்தார்கள். இதை நீங்கள் எர்ன்ஸ்ட்ஹாஃப்ட் ஆகப் பார்ப்பீர்களா என்று கேட்டார்.

அந்தப் படத்தை நான் பார்த்திருக்கவில்லை. அது எனக்குத் தடையாக இருக்கவில்லை. காலத்தின் ஓட்டம் என்பது பார்ப்பவனைப் பொறுத்தது, லாரியைச் சுற்றி ஒரு தனி வளையம் இருக்கிறது, அதற்குள் விதிகள் வேறு என்று கை துடைக்கும் காகிதத்தில் வட்டம் போட்டு விளக்க ஆரம்பித்தேன். உங்கள் ஆட்கள் எடுத்த படத்தில் ஒருவன் கனவுக்குள் கனவு கண்டால் ஆழமான படம், எங்கள் ஆள் லாரியை நிறுத்தினால் மட்டும் முட்டாள்தனமா என்று கேட்டேன். டோர்ஸ்டன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, காலம் நின்றுவிட்டது என்றால் அடியாட்கள் எப்படிச் சண்டை போடுகிறார்கள் என்றார். முழுப் படத்தையும் பார்த்தால்தான் உமக்குப் புரியும் என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததைச் சொன்னால், செல்வி பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, “நீங்களே இன்னும் பாக்கலையேங்க, யாரு உங்கள இதுக்கு வக்கீலா போட்டா?” என்றாள்.

அடுத்த மாதம் அப்பாவின் முதல் வருஷத் தெவசத்துக்கு நான் மட்டும் ஊருக்குப் போனேன். செல்விக்கு லீவு கிடைக்கவில்லை. குன்னத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடுகிற மானாவாரிக் காடு. அப்பா இறந்தபோது என்னால் வர முடியவில்லை. டிக்கெட் கிடைத்து விமானம் ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டியதாகிவிட்டது. என் அக்காவின் கணவர் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் அந்தச் சின்னத் திரையில்தான் எல்லாவற்றையும் பார்த்தேன். மச்சானுக்கும் அப்பாவுக்கும் அப்படி ஒரு ஒட்டுதல். கல்யாணமான புதிதில் மச்சான் அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பிறகு அதை விட்டுவிட்டு எங்கள் காட்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வந்துவிட்டார். அப்பாவைக் கடைசிவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வந்ததும் அவர்தான்.

தெவசம் முடிந்த மறுநாள் வீடு வெறிச்சென்று கிடந்தது. ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தோம். மச்சான் திடீரென்று, எல்லாரும் கிளம்புங்க, பெரம்பலூர் போய் ஒரு படம் பார்த்துவிட்டு வரலாம் என்றார். அவர் ஏற்கெனவே பலமுறை பார்த்த படமாம். நான் கட்டாயம் பார்க்க வேண்டுமாம். எந்தப் படம் என்று கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே லாரிப் படம்.

கட்சிக்காரனை முதன்முதலில் நேரில் பார்க்கப் போகிற வக்கீல் மாதிரிதான் தியேட்டருக்குள் போனேன். அரை மணி நேரத்தில் வழக்கு கைவிட்டுப் போய்விட்டது. ஒரு விஞ்ஞானி, காலத்தை ஆளும் கருவியைக் கொண்டுபோய் ஒரு பழைய லாரியின் கியர்பெட்டிக்குள் ஒளித்து வைக்கிறார். ஏன் லாரிக்குள் என்று யாரும் கேட்கவில்லை. ரிவர்ஸ் கியர் போட்டு வேகமாக ஓட்டினால் காலம் பின்னால் போகும். ஹேண்ட்பிரேக் போட்டால் நிற்கும். இந்த லாரிக்காக உலகத்தின் பெரிய பணக்காரன் ஹெலிகாப்டர் படையோடு வருகிறான். ஹெலிகாப்டரை ஏமாற்ற நம் ஆள் தார்ப்பாயைப் போட்டு லாரியை மூடுகிறான். தியேட்டர் விசிலடித்தது. மலைக் காட்சி வந்தது. டோர்ஸ்டன் சிரித்த அதே இடத்தில் எனக்கு முன்வரிசை நாற்காலி மேல் ஏறி நின்று கைதட்டியது. நான், “அந்தரத்துல நிக்கிற லாரிக்கு என்னாத்துக்கு ஹேண்ட்பிரேக்கு?” என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். அக்கா முழங்கையால் இடித்தாள். இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் செல்வி போன் செய்தாள். வீட்டில் ஹீட்டர் அணைந்துவிட்டதாம், எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியவில்லையாம். வெளியே வண்டி நிறுத்துகிற இடத்தில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஹீட்டருக்கு வைத்தியம் பார்த்துவிட்டு உள்ளே வருவதற்குள் ஏதோ ஒரு காட்சி முடிந்து, எல்லாரும் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வருகிற வழியெல்லாம் நான் பேசினேன். வேனுக்குள் வேறு யாரையும் பேச விடவில்லை. இந்த மாதிரிப் படங்களால்தான் வெளிநாட்டுக்காரன் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறான் என்றேன். நீங்கள் லாரி ஓட்டினவர், நீங்களே இதை எப்படி ஒத்துக்கொள்கிறீர்கள் என்று மச்சானைக் கேட்டேன். காலம் நின்றால் அடியாள் எப்படி அசைகிறான் என்று டோர்ஸ்டனின் கேள்வியையே எடுத்து அவர் மேல் வீசினேன். லாரியில் ஏறினவனுக்கெல்லாம் லாரியின் காலம்தான், அதை முதல் பாட்டுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்களே என்றார் அவர். அப்படியானால் பாறை எப்போது லாரியில் ஏறியது என்றேன். அவர் கியரை மாற்றினார். ஜெயித்துவிட்டேன். படம் எடுத்தவனும் முட்டாள், கைதட்டினவனும் முட்டாள் என்று முடித்தேன்.

மச்சான் வண்டியை ஓரங்கட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

“நான் ஓட்டுனதுனாலதான் மாப்ள ஒத்துக்கிறேன். கல்லு ஏத்திக்கிட்டு வரயில குறுக்க ஒரு டூவீலரு வந்துரும். பிரேக்குல கால் வச்சாலும் வண்டி நிக்காது, கனம் தள்ளிக்கிட்டுப் போவும். இந்த நேரம் இப்புடியே நின்னுறாதான்னு இருக்கும். அத ஒருத்தன் படமா எடுத்திருக்கான். நல்லாருந்துச்சு, கை தட்டுனேன்.” கொஞ்ச தூரம் போனதும் மறுபடி தொடங்கினார். “படத்துல அவன் அப்பன் போயிடுறாரு, அவனால வர முடியல. வண்டிய ரிவர்ஸ்லயே ஓட்டியாறான் வூட்டுக்கு, அவரு உசுரோட இருக்கயில ஒருவாட்டி பாக்கணும்னு. ஒவ்வொரு தடவ பாக்கயிலயும் ஒன் நெனப்புதான் வந்துச்சு எனக்கு. அதுக்குத்தான் ஒன்ன கூட்டிக்கிட்டு வந்தேன். நீ போன் பேச வெளிய போயிட்ட.”

எனக்கோ கோபம் இன்னும் கூடியது. இது என்ன நியாயம்? படம் புத்திசாலித்தனமா முட்டாள்தனமா என்று பேசிக்கொண்டிருக்கும்போது அப்பாவைக் கொண்டுவந்து நடுவில் உட்கார வைத்தால் நான் என்ன பேசுவது? அடுத்த இரண்டு நாளும் மச்சான் வெங்காயம் சேமித்து வைக்கிற பட்டறையில் வேலை இருக்கிறது என்று காட்டிலேயே இருந்துகொண்டார். சாப்பாட்டைக் கொடுத்தனுப்பும்போதெல்லாம் அக்கா என்னைப் பார்க்கிற பார்வை வேறு. போய் இரண்டு வார்த்தை பேசினால் என்ன என்று கேட்டாள். பேசியதுதான் வினை என்று சொன்னேன்.

திருச்சி விமான நிலையத்துக்கு எப்போதும் அவர்தான் கொண்டுவந்து விடுவார். வரமாட்டார், வாடகைக் கார் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். கிளம்புகிற அன்று காலையில் வேட்டி மாற்றிக்கொண்டு வந்து, என் பெட்டியைத் தூக்கி வேனில் வைத்தார். பெரம்பலூர் தாண்டும்வரை இருவரும் வெயிலைப் பற்றிப் பேசினோம். சிறுவாச்சூரில் கோயிலுக்கு வெள்ளிக்கிழமைக் கூட்டம். டீ குடிக்க நிறுத்தினோம். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவர், அந்தரத்தில் ஹேண்ட்பிரேக் போட்டால் நிஜத்தில் என்ன ஆகும் என்று கேட்டார். பின்சக்கரம் சுற்றுவது மட்டும் நிற்கும், லாரி பாட்டுக்கு விழுந்துகொண்டுதான் இருக்கும் என்றேன். யோசித்தார். அப்படியென்றால் ஏதோ ஒன்று நிற்கத்தானே செய்கிறது என்றார். இல்லை மச்சான் என்று ஆரம்பித்தேன். சர்க்கரை டப்பாவை லாரியாக வைத்து விளக்கினேன். அவர் அதை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினார். கடைக்காரர் டப்பாவைக் கேட்டு வாங்கிக்கொள்ளும்வரை இது நடந்தது. கடைசியில் அவர், “நீ சொல்றதும் சரிதான், ஆனா படத்துல தப்பில்ல” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வேனை எடுத்தார். தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் விமான நிலையத்தில் பெட்டியை இறக்கிக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல என் தோளைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். வலித்தது. நிம்மதியாகவும் இருந்தது.

திரும்பி வந்த முதல் நாளே டோர்ஸ்டன் சாப்பாட்டு மேஜையில் காத்திருந்தார். முழுப் படத்தையும் பார்த்தால்தான் புரியும் என்று நான் சொன்னதை மனிதர் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்து நகரத்தில் தமிழர்கள் சிலர் சேர்ந்து ஒரு தியேட்டரை எடுத்து ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தப் படத்தைப் போடுகிறார்கள், அதிசயமாகத் திரையின் அடியில் ஜெர்மன் எழுத்துகளோடு வருகிறதாம், கண்டுபிடித்து எங்கள் இருவருக்கும் சேர்த்து இடம் போட்டுவிட்டாராம். வேண்டாம், அது முட்டாள்தனமான படம் என்றேன். ஆனால் நீதானே வட்டம் போட்டு விளக்கினாய் என்றார். நான் அன்றைக்குக் கிறுக்கிய காகிதத்தைப் பையிலிருந்து எடுத்து வேறு வைத்தார். நீங்கள் எங்களைக் கேலி செய்தீர்களே என்று அப்போதுதான் கேட்டேன். அவர் திகைத்துப் போனார். கேலியா? இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை, சிரித்துக்கொண்டே பார்க்கிற படமா, சிரிக்காமல் பார்க்க வேண்டிய படமா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன் என்றார். நியாயமான கேள்விதான். எங்கள் வீட்டு வேனே அதில்தான் இரண்டாகப் பிளந்தது.

போனேன். முன்பக்கம் எல்லாம் நம் ஆட்கள். ஈழத்துக் குடும்பங்களும் படிக்க வந்த பிள்ளைகளுமாகச் சத்தம். பின்வரிசைகளில் டோர்ஸ்டனும் அவரைப் போல வேடிக்கை பார்க்க வந்த ஜெர்மன்காரர்களும், நடுவே நானும். படம் ஓட ஓட ஒன்றைக் கவனித்தேன். எழுத்து முன்னால் வந்துவிடுகிறது, குரல் கொஞ்சம் பின்னால் வருகிறது. அதனால் ஒவ்வொரு வேடிக்கைக்கும் பின்வரிசை முதலில் சிரிக்கிறது, அது ஓய்ந்த பிறகு முன்வரிசை சிரிக்கிறது. இரண்டும் புரிகிற எனக்குத்தான் எப்போது சிரிப்பது என்று தெரியவில்லை. படிக்காமல் இருக்கலாம் என்றால் கண் தானாகக் கீழே போகிறது.

மச்சான் சொன்ன காட்சி வந்தது. லாரி பின்னால் ஓடுகிறது, ஓடுகிறது, விடிந்த பொழுது மறுபடி இருட்டாகிறது, பிறகு சாயங்காலமாகிறது. வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் அப்பன் உட்கார்ந்திருக்கிறார். மகன் இறங்கி ஓடி வந்து மூச்சு வாங்க நிற்கிறான். அவன் வாய் திறப்பதற்குள் கீழே எழுத்து வந்துவிட்டது: அப்பா, நீ சாப்பிட்டாயா? பின்வரிசை முழுவதும் குபீரென்று சிரித்தது. காலத்தையே உடைத்துக்கொண்டு வந்தவன் கேட்கிற கேள்வியா இது! ஜெர்மனில் படித்தபோது எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் குரல் வந்தது. “சாப்டியாப்பா?”

முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். டோர்ஸ்டன் சிரித்த முகத்தோடு என் பக்கம் திரும்பினார், திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். என் வாய் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. கன்னம் நனைந்து கழுத்துவரை வந்துவிட்டது. திரையில் அப்பன் மகனை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய பதில் எந்த நொடியும் கீழே ஜெர்மனில் வந்துவிடும். நான் கையை முகத்துக்கு நேரே நீட்டித் திரையின் அடிப்பகுதியை மறைத்துக்கொண்டு, அவர் வாய் திறப்பதற்காகக் காத்திருந்தேன்.