மூன்றாவது லேனுக்கு எழுதிய சீட்டு

என் இடத்தைப் பறித்து வேறொருத்திக்குக் கொடுத்தவர் நடுவர் சார். அது தெரிந்த ஒரே சாட்சி நேற்று காலை இறந்துவிட்டார்.

சரோஜா அக்கா. ஈப்போவில் நீந்தப் போனவர்களுக்கு முகம் ஞாபகம் இருக்கும்... குளத்து கவுண்டரில் லாக்கர் சாவி கொடுப்பவர். போட்டி நாள்களில் கழுத்தில் ஸ்டாப்வாட்ச் மாட்டிக்கொண்டு டைம் எடுப்பவர்.

சுங்காய் பக்கத்து எஸ்டேட்டை விட்டு நாங்கள் ஈப்போ ஃபிளாட்டுக்கு வந்தபோது எனக்குப் பதினொரு வயது. தலை நிறைய தேங்காய் எண்ணெயோடு குளத்துக்குப் போனேன். நீச்சல் தொப்பி வழுக்கி வழுக்கிக் கழன்றது.

அக்கா கவுண்டரை விட்டு எழுந்து வந்து, டிஷ்யூவால் என் தலையை அழுத்தித் துடைத்தார். "நாளைக்கு காஞ்ச தலையோட வா லா. குளத்துல அப்பளம் பொரிக்கவா போற?"

அதற்குப் பிறகு தினமும் தொப்பியை அவர்தான் மாட்டிவிடுவார்.

பதினாறு வயதில் மலேசிய வட மாநிலங்களுக்கான விளையாட்டுப் போட்டி. எங்கள் குளத்திலேயே. பெண்கள் நூறு மீட்டர் பட்டர்ஃபிளை... முதல் இரண்டு பேருக்குப் பயிற்சி ஹாஸ்டலில் இடம். எனக்கு மூன்றாவது லேன். ஆறாவதில், நடுவர் சாருடைய கிளப் பெண்.

பட்டர்ஃபிளையில் சுவரை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். தொட்டேன். திரும்பினேன். இரண்டாவதாக வந்தேன்.

மூச்சு சீராவதற்குள் மைக்கில் என் பெயரைச் சொன்னார்கள். மூன்றாவது லேன் தகுதி நீக்கம். திரும்பும்போது ஒற்றைக் கையால் தொட்டாளாம்.

எதிர்முனையில், தவறு கண்டதற்கு அடையாளமாகக் கையைத் தூக்கியபடி நின்றவர் சரோஜா அக்கா.

எங்களைப் போட்டிக்கு அழைத்து வந்த பள்ளி டீச்சர் மற்றப் பிள்ளைகளைச் சாப்பிட அழைத்துப் போயிருந்தார். அவர் வருவதற்குள் ஆட்சேபம் கொடுக்கும் நேரம் முடிந்துவிட்டது. மூன்றாவதாக வந்த ஆறாவது லேன் பெண் ஹாஸ்டலுக்குப் போனாள். நான் படிப்பை முடித்த கையோடு கையுறைத் தொழிற்சாலைக்குப் போனேன்.

அக்காவோடு பேசுவதை அன்றே நிறுத்தினேன். புந்தோங் சந்தையில் எதிரே வந்தால் வேறு வரிசையில் நடப்பேன். யாருக்காகக் கையைத் தூக்கினார்? பத்து வருஷம் இதே கேள்வி.

மூன்று மாதம் முன்பு மெசெஞ்சரில் அக்காவின் வாய்ஸ் நோட். ஒரு தடவை வந்துவிட்டுப் போகச் சொன்னார்.

போனேன். டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்தி வீங்கிய கையைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டு பேசினார்.

அவர் எப்போதும் நிற்பது ரேஸ் தொடங்கும் பக்கம். அங்கே லேன்களை வலமிருந்து எண்ணுவார்கள். அன்று ஒரு ஆள் வரவில்லை என்று அவரை எதிர்முனைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து பார்த்தால் ஒன்றாம் லேன் இடப்பக்கம். அக்கா பழக்க தோஷத்தில் அங்கேயும் வலமிருந்தே எண்ணிவிட்டார்.

எட்டு லேன் குளம். வலமிருந்து மூன்றாவதாக நின்றது ஆறாவது லேன்.

ஒற்றைக் கையால் தொட்டவள் அவள். நடுவருக்கு அக்கா எழுதிய சீட்டில் ஏறியது என் லேன்.

"மைக்ல ஒன் பேர சொன்னதுமே வெளங்கிருச்சு கண்ணு. வேற சீட்டு எழுதி, ஓடிப் போய் சார் கையில குடுத்தேன். படிச்சாரு. மடிச்சு சட்ட பாக்கெட்ல வச்சுக்கிட்டாரு. நீங்க போய் கவுண்டர பாருங்கன்னாரு."

அப்போது நான் தண்ணீரை விட்டு ஏறக்கூட இல்லையாம்.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

"கான்ட்ராக்ட் வேல லா. பயந்துட்டேன்."

இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றேன். தலையாட்டினார். அடுத்த முறை போனபோது கை நடுங்குகிறது என்றார். அதற்கடுத்த முறை, அம்மா தூங்குகிறார் என்று மகள் கேட்டைத் திறக்கவில்லை. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் சொன்னாரா? யாராவது அவரைப் பேச வேண்டாம் என்றார்களா? தெரியவில்லை. இனி யாரிடம் கேட்பது...

இன்று காலை இறப்பு வீட்டுக்கு நடுவர் சாரும் வந்தார். பெரிய மலர்வளையம். நேர்மையான ஊழியர் என்று அக்காவின் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய், அக்கா கொடுத்த சீட்டைப் பற்றிக் கேட்டேன். எந்தச் சீட்டு என்று அவர் கேட்கவில்லை. எந்த வருஷம் என்றும் கேட்கவில்லை. கார் வழியை மறிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். வழியில் எந்தக் காரும் இல்லை.

அக்கா, உங்கள் மேல் இருந்த கோபம் பாதிதான் தீர்ந்தது. மீதியோடுதான் வாய்க்கரிசி போட்டேன். அதுக்காகக் கோவிச்சுக்காதீங்க.

சார், மத்தியானம் மெசெஞ்சரிலும் கேட்டிருக்கிறேன். பார்த்துவிட்டீர்கள் என்று காட்டுகிறது.

சரோஜா அக்கா எழுதிக் கொடுத்த இரண்டாவது சீட்டை வெளியே எடுங்கள்.