பூட்டிய காம்பராவில் இரண்டு மூச்சு

மூச்சு விடுவதை ஒருத்தி ஒளித்து வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் போன செவ்வாய்க்கிழமை பார்த்தேன்.

மலையகத்தில், நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் சொல்ல மாட்டேன். இதைப் படிக்கிறவர்களில் இரண்டு பேருக்கு எது என்று தெரியும்... அது போதும்.

கொழும்பிலிருந்து ஒரு இன்ஜினியர் ராடர் பெட்டியோடு வந்திருந்தார். சுனாமிக்குப் பிறகு நமக்கு இப்படிப்பட்ட கருவிகள் மீது திடீர்க் காதல் வந்திருக்கிறது இல்லையா? சுவருக்கு இந்தப் பக்கம் வைத்தால் போதுமாம் — அந்தப் பக்கம் ஆள் மூச்சு விடும்போது நெஞ்சு ஏறி இறங்குவதைக் காட்டிவிடுமாம். தொடவும் வேண்டாம், கூப்பிடவும் வேண்டாம். மண் சரிந்து ஆட்கள் புதைந்தால் உதவும் என்றார். சிங்களப் பிள்ளை, நல்ல மனுஷன். தமிழ் தெரியாததால் பேச்சுத் துணைக்கு என்னை அழைத்துப் போயிருந்தார்.

சோதித்துப் பார்க்க ஆளில்லாத கட்டடம் வேண்டும். வெறும் வீட்டில் எதுவும் காட்டக் கூடாது அல்லவா? தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா, தொழிலாளர்கள் குடியிருந்த மேட்டு லயத்தைக் கைகாட்டினார். போன மழையில் மேலே மலையில் வெடிப்பு விழுந்து, சுவர் பிளந்து, குடியிருக்கத் தகாதது என்று ஒதுக்கிய லயம். எல்லோரையும் இறக்கியாச்சு, ஈ காக்கை கூட இல்லை என்றார். கூட வந்திருந்த அரசாங்க அதிகாரியும் தலையாட்டினார். அப்படித்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாராம்.

குடும்பத்துக்கு ஓர் அறையாக வரிசையாயிருந்த எல்லாக் காம்பராவிலும் வெளிப்பூட்டு. முதல் மூன்றில் திரையில் கோடு அசையவில்லை. நான்காவதில் அசைந்தது. ஒன்று நிதானமாக. பக்கத்திலேயே இன்னொன்று, சின்னதாக, விறுவிறுவென்று.

இன்ஜினியர் பெட்டியை அணைத்து, திரும்பப் போட்டார். மறுபடியும் அதேதான்.

நாயாக இருக்கும் என்றார் கண்டாக்கையா. கருவி கோளாறு என்றார் அதிகாரி. வெளியே பூட்டு தொங்கும்போது உள்ளே ஆள் எப்படி இருக்கும் என்று என்னையே கேட்டார்.

நான் ஜன்னல் பலகையிடம் குனிந்தேன். "உள்ள யாரும்மா?" நம்ம ஆளுதான், பயப்படாதே என்றேன். பலகை இடுக்கில் ஒரு குரல் கிசுகிசுத்தது.

"போட்டுக் குடுத்துறாதீங்கய்யா. எங்க வீட்டுக்காரரு பேர வெட்டிருவாங்க."

சரஸ்வதி என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை பெற்று இருபத்தைந்து நாள். பச்சை உடம்புக்காரி. இறக்கிய குடும்பங்களுக்கு தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில் கொடுத்திருக்கிறார்கள். அது ஒழுகி, பிள்ளைக்குச் சளி கட்டிவிட்டது. வேறு வழியில்லாமல் பழைய காம்பராவுக்கே வந்துவிட்டார்கள். கண்டாக்கையாவுக்கு இது தெரியும்! பெட்டி காட்டிக் கொடுக்கும் என்றுதான் அவர் நம்பவில்லை. ஆள் இருப்பது வெளியே தெரிந்தால் புருஷனுக்கு வேலை இல்லை என்று மிரட்டி வைத்திருக்கிறார். அதனால் அவன் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகும்போது, பெண்டாட்டியையும் பிள்ளையையும் உள்ளே விட்டு வெளியே பூட்டிவிட்டுப் போகிறான். சத்தம் வராமலிருக்க, பிள்ளை அழ வாய் திறக்கும் முன்பே இவள் பால் கொடுத்துவிடுகிறாள்.

தலைக்கு மேலே வெடித்து நிற்கிற மலை. மண் இறங்கினால் ஓட ஒரு கதவாவது வேண்டாமா? இவர்களெல்லாம் சோற்றைத்தான் தின்கிறார்களா?

சத்தம் போட்டேன். தமிழிலும் சிங்களத்திலும் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். அதில் பாதியை இந்தப் பத்தியில் போட பத்திரிகை ஆசிரியர் விடமாட்டார். இன்ஜினியர் பெட்டியைக் கீழே வைத்தார். ஒரு கல்லை எடுத்துப் பூட்டை உடைத்தார்.

வெளிச்சம் கூச, பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அவள் வெளியே வந்தாள். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விடும் பிள்ளைக் காம்பராவில் இடம் கொடுத்தார்கள். ஒரு கிழமைக்கு, ஏழே நாளுக்கு மட்டும்.

என் கோபம் அத்தோடு ஆறியிருக்கும். நேற்று இன்ஜினியர் போன் பண்ணினார். அதிகாரி அறிக்கை அனுப்பிவிட்டாராம். ஆள் இருந்தது என்று எழுதினால், முன்பு போட்ட கையெழுத்து பொய்யாகிவிடுமே? அதனால் இப்படி எழுதியிருக்கிறார் — கருவி நம்பத்தக்கதல்ல. ஆளில்லாத கட்டடத்தில் மூச்சு காட்டுகிறது. பெட்டி கொழும்புக்கே போய்விட்டது.

இதைச் சொல்ல இன்று காலை சரஸ்வதியிடம் போனேன். தவணை முடிய இன்னும் இரண்டு நாள். அதற்குப் பிறகு அந்தக் கொட்டில், இல்லாவிட்டால் அந்தப் பூட்டு. பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை, திட்டவும் இல்லை.

"அப்ப மண்ணு வந்து மூடுனா, உள்ள ஆள் இருக்குன்னு யாருங்கய்யா சொல்றது?"

பெட்டி சொன்னதையே நம்பாதவர்கள் என் பத்தியையா நம்பப் போகிறார்கள்? இருந்தாலும், கண்டாக்கையா, அதிகாரி, அந்த இரண்டு பேரும் பிறகு தெரியாது என்று சொல்லிவிடக் கூடாது. அதற்காக எழுதி வைக்கிறேன் —

மேட்டு லயம். நான்காவது காம்பரா. இரண்டு மூச்சு.