மிஸ்டு கால் கொடுத்தால் பாட்டு வரும்

கர்த்தருக்குள் இளைப்பாறும் எங்கள் அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுக் கூட்டத்துக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, சபையாரே, அக்காவிடம் கோலமாவு வாங்கிய தாய்மார்களே, உங்கள் எல்லாருக்கும் என் வணக்கமும் ஸ்தோத்திரமும்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். நாலு பேர் நடுவில் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இதை எழுதச் சொன்னது அக்காவின் மகள். "இத்தினி வருசமா நீ பேசாததையெல்லாம் எழுதிடு மாமா. பிழைய நான் பாத்துக்கறேன்" என்றாள். போன வருடமாக இருந்தால் மாட்டேன் என்று எழுந்து போயிருப்பேன். இப்போது என்னிடம் ஒரு நல்ல சேதி இருக்கிறது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அக்காவைப் பற்றி முறையாகச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

அக்கா பிறந்தது மாகறலில். அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். எனக்கு விவரம் தெரிவதற்குள் அம்மா போய்விட்டார்; கொஞ்ச காலத்தில் அப்பாவும் போய்விட்டார். என்னைத் தூக்கி வளர்த்தது அக்காதான். கல்யாணம் பேச வந்தவர்களிடம், "என் தம்பியும் கூட வருவான். சம்மதம்னா சொல்லுங்க" என்று நேராகச் சொன்னாராம். "பொண்ணு வீட்டுச் சீரா எனக்கு வந்தது இவன் ஒருத்தன்தான்" என்று அக்காவின் கணவரான என் மாமா என்னைக் காட்டிக் கேலி செய்துகொண்டே இருப்பார். ஆனால் சாப்பிடும்போது தன் பக்கத்தில்தான் என்னை உட்கார வைப்பார்.

காஞ்சிபுரத்தில் மாமா மூட்டை தூக்கினார். நான் சாயப்பட்டறையில் பட்டு நூல் அலசும் வேலையில் சேர்ந்தேன். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருடம் மாமா காய்ச்சலில் படுத்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அக்கா தலையில் கூடையை வைத்துக்கொண்டு பெரிய காஞ்சிபுரத்துத் தெருக்களில் கோலமாவு விற்கப் போனார்.

அக்காவின் குரலைக் கேட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "கோ...லமாவே" என்று தெருமுனையில் ஆரம்பித்தால் அந்தத் தெருவின் கடைசி வீட்டில் தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கும். ஒலிபெருக்கி கட்டிய வண்டிகள் வந்த பிறகும் அக்கா ஒலிபெருக்கி வாங்கவில்லை. "எனக்கே வாய் இருக்கும்போது அது எதுக்குடா?" என்பார்.

நடக்கும்போதுதான் அக்காவுக்குப் பாட்டு வரும். எழுதி வைக்கத் தெரியாது. வீட்டுக்கு வந்து மாவு சலிக்கும்போது எனக்குப் பாடிக் காட்டுவார். நான் காலி மாவு டின்னைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் தட்டுவேன். வேறு வாத்தியம் எங்களுக்குக் கிடையாது. அக்காவின் பாட்டுகளில் எல்லாருக்கும் தெரிந்தது வாசல் பாட்டு:

வாசலைப் பெருக்கி வச்சேன், வாங்க இயேசையா
உள்ளே கொஞ்சம் குப்பை இருக்கு, பொறுத்துக்கோங்கையா

சபையில் முதல் முறை இதைப் பாடியபோது மூப்பர் ஒருவருக்குப் பிடிக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் வெளியே நிறுத்திக் கேட்டார்.

"ஏம்மா, ஆண்டவர் பாட்டுல குப்பைன்னு வரலாமா?"

"அவரு பாக்காத குப்பையாண்ணா? எங்க வீட்டுக்கு அவரு வர்றதா இருந்தா, அதச் சொல்லித்தான ஆவணும்!"

மூப்பருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த வாரம் அவரே, "அந்தக் குப்பைப் பாட்ட பாடும்மா" என்றார்.

பிறகு அக்காவின் முட்டி போயிற்று. நடக்க முடியவில்லை. பழைய வாடிக்கையாளர்களுக்கு மகள் ஒரு ஏற்பாடு செய்து கொடுத்தாள். மாவு வேண்டுமென்றால் அக்காவின் போனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். அக்கா திருப்பிக் கூப்பிட்டு எத்தனை படி என்று கேட்பார். வேலைக்குப் போகும் வழியில் நான் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

ஆனால் அக்காவால் வெறும் மாவுக்கணக்கு பேசிவிட்டு போனை வைக்க முடியவில்லை. "புதுசா ஒரு பாட்டு வந்துது, ரெண்டு வரி கேக்கறியாமா?" என்று ஆரம்பித்துவிட்டார். வேண்டும் என்றால் பாடுவார். ஒரு வீட்டம்மா, "எங்க வூட்ல எங்க சாமி பாட்டு ஓடிக்கினு இருக்குது, உன் பாட்டு இன்னாத்துக்குமா?" என்று கேட்டார். அக்கா முகம் சுண்டாமல், "அதுவும் நல்லாதாமா இருக்குது, இங்க கேக்குது. மாவு எத்தினி படி?" என்றார். அந்த அம்மா கடைசி வரை எங்களிடம்தான் மாவு வாங்கினார்.

கொஞ்ச நாளில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. மாவு வாங்காதவர்களிடமிருந்தெல்லாம் மிஸ்டு கால் வந்தது. "மாவு வேணாமா, பாட்டு மட்டும் போதும்" என்றார்கள். மருமகளோடு சண்டை போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் மாமியார், பரீட்சைக்குப் பயந்த பெண், மகனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுச் சோறு இறங்காத அப்பா, இப்படி ஆட்கள். அக்கா எல்லாருக்கும் பாடினார், நான் டின் தட்டினேன். மகள் ஒரு அட்டையில் "மிஸ்டு கால் கொடுத்தால் பாட்டு வரும்" என்று எழுதி, போன் நம்பரும் போட்டு, என் சைக்கிளின் பின்னால் கட்டிவிட்டாள். அந்த அட்டையோடு தெருவில் போக எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் போனேன்.

ஒருவர் அக்காவிடம் கேட்டார்: "இத்தினி பேருக்குப் பாடறியே, யாராவது சபைக்கு வந்தாங்களா?"

அக்கா சொன்னார்: "நான் மாவு விக்கிறவ. வாசல் வரைக்கும்தான் என் வேலை. உள்ள போறது அவரு பாடு."

இப்போது அந்தச் சேதிக்கு வருகிறேன்.

காலையில் மாவு சலிக்கும் நேரத்துக்குச் சரியாக ஒரு நம்பரிலிருந்து மிஸ்டு கால் வரும். அக்கா திருப்பிக் கூப்பிட்டால் எடுப்பார்கள். ஆனால் பேச மாட்டார்கள். பின்னால் தறியின் சத்தம் மட்டும் டக், டக் என்று கேட்கும். அக்கா பாட்டை ஆரம்பித்ததும் அந்தச் சத்தம் நின்றுவிடும். பாட்டு முடிந்ததும் மறுபடியும் டக், டக். பிறகு போன் கட்டாகிவிடும். தினமும் இதேதான்.

"யாரோ லூசுமா. பிளாக் பண்ணிடு" என்றாள் மகள்.

"சும்மா இரு. தறிய நிறுத்திட்டுக் கேக்கறாங்கடி. நெய்யறவங்க தறிய நிறுத்தறதுன்னா சும்மாவா?"

"அப்ப வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கு இன்னா?"

 அக்காவுக்கும் அது ஏக்கம்தான். ஆணா பெண்ணா, எந்தத் தெரு, பாட்டு பிடிக்கிறதா, எதுவும் தெரியவில்லை. "நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னா கொறஞ்சா பூடுவாங்க?" என்று சலித்துக்கொள்வார். உடனே, "ஒரு நாள் பேசுவாங்க பாருடா" என்பார். புதுப் பாட்டு வந்தால் முதலில் அந்த நம்பருக்காகத்தான் எடுத்து வைப்பார்.

போன வருடம் அக்காவுக்கு நெஞ்சு வலி வந்தது. அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கேயும் காலையில் அந்த மிஸ்டு கால் வந்தது. அக்கா படுத்தபடியே கூப்பிட்டு வாசல் பாட்டை மெதுவாகப் பாடினார். நான் கட்டில் கம்பியில் விரலால் தாளம் போட்டேன். பாதியில் மூச்சு வாங்கியது. போனை என்னிடம் நீட்டி, "மீதிய நீ பாடுடா" என்றார். நான் மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அக்கா சிரித்துவிட்டு, "சரி, அப்பறம் பாடு" என்றார். அன்று சாயங்காலம் எங்கள் கையைப் பிடித்தபடியே கர்த்தரிடம் போனார்.

அடக்கம் முடிந்து, வந்த உறவுகள் எல்லாம் ஊருக்குத் திரும்பிய மறுநாள் காலை. வீட்டில் நானும் மகளும்தான். அலமாரியில் இருந்த அக்காவின் போன் ஒரு முறை அடித்து நின்றது. அதே நம்பர்.

இரண்டு பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நீ கூப்புடு மாமா."

"நானா? எனக்குப் பேச்சே வராதேமா."

"அங்க யாரு பேசச் சொன்னாங்க? பாட்டுதான கேட்டாங்க."

டின்னைக் கவிழ்த்து என் முன்னால் வைத்தாள். அவளே நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். எடுத்தார்கள். டக், டக்.  கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன். வாசலைப் பெருக்கி வச்சேன். தறிச் சத்தம் நின்றது. எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. குரல் நடுங்கியது. குப்பை என்கிற இடத்துக்கு வந்தபோது எங்கே போய்க்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அப்போது போனிலிருந்து ஒரு ஆண் குரல் வந்தது.

"சுருதி எறங்குதுபா. மேல எடு."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். என் கை டின் மேலேயே நின்றுவிட்டது. இத்தனை காலம் அக்கா காத்திருந்த அந்த வாய் திறந்துவிட்டது! என் பாட்டு தாங்க முடியாமல் திறந்துவிட்டது!

"யாருபா நீ? அந்த அம்மா எங்க?" என்றது குரல்.

நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை.  அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ம்..." என்று ஒரே சுருதியில் இழுத்தார். "இதப் புடிச்சிக்க. முதல்லேர்ந்து பாடு" என்றார். பிடித்துக்கொண்டேன். பாட்டு முழுவதையும் பாடி முடித்தேன். என் வாழ்க்கையில் நான் முழுதாகப் பாடிய முதல் பாட்டு அதுதான்.  மகள் அழுதுகொண்டே கை தட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே வந்தார். என் வயதுதான் இருக்கும். பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நெய்பவர். நெற்றி நிறைய விபூதி. கோயிலில் பதிகம் பாடும் குழுவில் இருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. அக்காவின் படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

மகள் அவரை விடவில்லை. "ஏன் மாமா நீங்க பேசவே இல்ல? எங்கம்மா எவ்ளோ ஏங்கினாங்க தெரியுமா?" என்று கேட்டுவிட்டாள்.

அவர் கூச்சத்தோடு சிரித்தார். "பேசினா நல்லா இருக்குதுன்னு சொல்லணும். சொன்னா, எங்க சபைக்கு வாங்கன்னு கூப்புடுவாங்களோன்னு ஒரு பயம்மா."

"எங்கம்மாவா? மாவு எத்தினி படின்னுதான் கேட்டிருப்பாங்க!"

எல்லாரும் சிரித்தோம். அடக்கத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அதுதான் முதல் சிரிப்பு.

பிறகு அவர் சொன்னதுதான் நான் உங்களிடம் சேர்க்க நினைத்த சேதி. அக்கா கூடையோடு அவர் தெருவில் நடந்த காலத்திலிருந்தே அவருக்கு அந்தக் குரல் பழக்கமாம். அக்கா "கோ...லமாவே" என்று இழுக்கும் அந்த முதல் எழுத்தின் சுருதியில்தான் காலையில் தன் பதிகத்தை ஆரம்பிப்பாராம். முட்டி வலியால் அக்கா வருவது நின்றதும் அவருக்கு என்னவோ போலாகிவிட்டது. ஒரு நாள் என் சைக்கிளில் அட்டையைப் பார்த்து நம்பரைக் குறித்துக்கொண்டார். "நான் எங்க சாமிய உட மாட்டேன். ஆனா அந்த வாசல் பாட்ட கேக்காத அன்னிக்கு எனக்கு நூல் ஓடாது" என்றார்.

அக்கா, கேட்டீர்களா? நல்லா இருக்குது என்று அவர் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து போன் நிற்கவில்லை. காலையில் நான் பாடுகிறேன். தட்டுவது மகள். அவருக்குத்தான் முதல் பாட்டு. பிடிக்காத இடத்தில் "ப்ச்" என்பார். நான் திரும்பப் பாடுவேன். மகள் எல்லாவற்றையும் பதிவு செய்து வாட்ஸப்பில் அனுப்புகிறாள். திருப்புட்குழிப் பக்கத்தில் நடவு செய்யும் பெண்கள் வாசல் பாட்டைப் பாடுகிறார்களாம். வாசல் என்கிற இடத்தில் வரப்பு என்று மாற்றிவிட்டார்களாம். அக்கா இருந்தால் சந்தோஷத்தில் கூடையைக் கீழே போட்டிருப்பார்.

அக்காவை அரசு மருத்துவமனையில் தங்கள் வீட்டு ஆள் போலப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், அவர்களில் பாடக் கூடாது என்று அதட்டிவிட்டு அடுத்த வரி என்ன என்று கேட்ட ஒரு தங்கைக்கும், அடக்க ஆராதனை நடத்திய போதகருக்கும், குப்பைப் பாட்டைச் சபையில் பாட விட்ட மூப்பருக்கும், அடக்கத்தன்று சொல்லாமலே தெருவுக்கே சமைத்துப் போட்ட அண்டை வீட்டாருக்கும், எனக்கு விடுப்பு கொடுத்த பட்டறை முதலாளிக்கும், மிஸ்டு கால் கொடுத்த ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தறியை நிறுத்திக் கேட்டவருக்குத் தனியாக ஒரு நன்றி. அவர் இன்று சுருதிப் பெட்டியோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். திரும்பிப் பார்க்காதீர்கள். என்னைப் போலவே கூச்சப்படுவார்.

நீங்கள் இதைப் படித்து முடிக்கும்போது நான் உங்கள் முன்னால் எழுந்து நிற்பேன். அக்கா மருத்துவமனையில் பாதியில் விட்ட பாட்டின் மீதியைப் பாடுவேன். நாக்கு ஒட்டிக்கொள்ளலாம். சுருதி இறங்கலாம். பின்னாலிருந்து "ம்..." என்று ஒரு குரல் வந்தால் பயப்பட வேண்டாம்.

நம்பர் மாறவில்லை. மிஸ்டு கால் கொடுங்கள், பாட்டு வரும். மாவும் இருக்கிறது.

கூடப் பிறந்த தம்பி