வால்நட்சத்திரமும் என் கல்யாணமும்

1986 ஜனவரி. தை பிறக்கச் சில நாட்களே இருந்தன. நாமக்கல் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீட்டில் என் கல்யாண வேலைகள் நடந்துகொண்டிருந்தன. வானத்தில் வால்நட்சத்திரம் வந்திருக்கிறது, அது போகும்வரை நல்ல காரியம் கூடாது என்று ஊரெல்லாம் பேச்சு. ஒருநாள் சாயங்காலம் மாப்பிள்ளையின் அப்பா வந்து, "கண்ணாலத்தை வைகாசிக்குத் தள்ளிக்கலாமுங்க" என்றார். அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். இப்படித் தள்ளிவைத்துத் தள்ளிவைத்தே ஏற்கெனவே எனக்கு ஒரு சம்பந்தம் கைநழுவியிருந்தது.

கல்லூரியில் வேலை பார்த்த என் அண்ணன் சொந்தமாக ஒரு டெலஸ்கோப் செய்து வைத்திருந்தார். "மாமா, நீங்களே பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்று அவரை மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார். நானும் பின்னாலேயே போய் ஓரமாக நின்றேன்.

இருட்டிக்கொண்டு வந்தது. பெரிதாகக் காட்டினால்தான் நம்புவார் என்று அண்ணன் இருநூறு மடங்கு பெருக்கும் கண் லென்ஸை மாட்டினார். வெறும் கறுப்புதான் தெரிந்தது. எப்போதாவது தட்டுப்பட்ட நட்சத்திரமும் குழாயைத் தொட்டாலே துள்ளி ஓடியது. வால்நட்சத்திரமோ மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் தென்னந்தோப்புக்குப் பின்னால் மறைந்துவிடும்.

"ஏனுங்க தம்பி, ஒண்ணும் தெரியலீங்களே" என்று மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக் கிளம்பத் தயாரானார்.

முந்தின நாள் அண்ணன் இல்லாதபோது அதே குழாயில் குறைவாகப் பெருக்கும் லென்ஸை மாட்டி நான் வால்நட்சத்திரத்தைப் பார்த்திருந்தேன். குழாயின் முனையிலுள்ள மூன்று அங்குல லென்ஸுக்குள் வரும் வெளிச்சம் கொஞ்சம்தான். அதை இருநூறு மடங்கு பரப்பினால் மங்கி ஒன்றுமில்லாமல் போய்விடும். குழாயில் தெரியும் வானத்தின் பரப்பும் சுருங்கிவிடும். கல்யாணப் பெண் வாய் திறக்கும் இடமில்லை அது. ஆனாலும் சொல்லிவிட்டேன்:

"அண்ணா, இருநூறு வேண்டாம். இருபத்தஞ்சைப் போடுங்க."

அண்ணன் என்னை முறைத்தார். பிறகு லென்ஸை மாற்றிக் குழாயைத் திருப்பினார். மாப்பிள்ளையின் அப்பா மறுபடி குனிந்தார். வெகுநேரம் நிமிரவே இல்லை.

"எலவம்பஞ்சு ஒட்டினாப்பல இருக்குது. இதுக்கா ஊரே நடுங்குது?" என்றவர், என் பக்கம் திரும்பினார். "உனக்கெப்படித் தெரியும் சாமி?"

"நேத்தே பாத்தேனுங்க மாமா."

"பயமா இல்லையா?"

"கண்ணாலம் நிக்கறதுதானுங்க பயம்."

துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தை மாதமே கல்யாணம் நடந்தது.

இப்போதும் ஏதாவது சொல்லத் தயங்கினால், அன்று மாடியில் பேசாமல் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன், பேசிவிடுவேன்.