ரசமட்டம் ராமையா

டீ வந்ததும் ராமையா குடிப்பதில்லை. சட்டைப் பையிலிருந்து விரல் நீளத்தில் ஒரு மஞ்சள் கட்டையை எடுத்து மேசைமேல் வைக்கிறார். கட்டையின் நடுவில் கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் பச்சைத் திரவம், அதற்குள் ஒரு குமிழி. கொத்தனார்கள் கையில் இருக்கும் ரசமட்டத்தின் தம்பி என்று சொல்லலாம். குமிழி ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. "சாஞ்சிருக்கு" என்கிறார், யாருக்கோ காய்ச்சல் என்று சொல்லும் குரலில். டிஷ்யூ காகிதத்தை மடித்து மேசைக் காலுக்கு அடியில் திணித்து, குமிழி நடுவுக்கு வந்த பிறகுதான் டீயைத் தொடுகிறார். அதற்குள் டீ ஆறிவிடுகிறது. அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சொந்த ஊர் பரமக்குடிக்குப் பக்கம். ஷார்ஜாவில் கேரவன் விற்கும் ஒரு கம்பெனியில் டெலிவரி டிரைவர். கேரவன் என்றதும் சினிமா நடிகர்கள் ஏசி போட்டு உட்கார்ந்திருப்பதை நினைக்க வேண்டாம். இது வண்டிக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற சக்கர வீடு. கட்டில், அடுப்பு, பிரிட்ஜ், கழிவறை எல்லாம் உள்ளேயே உண்டு. குளிர்காலம் வந்தால் அரபிகள் இதை இழுத்துக்கொண்டு மணலுக்குள் போய்விடுவார்கள். இப்போது நம்மவர்களுக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டிருக்கிறது. வாங்கியவர் சொல்லும் இடத்தில் கேரவனை நிறுத்தி, மட்டம் பார்த்து, அடுப்பைப் பற்றவைத்துக் காட்டிவிட்டுத் திரும்புவது ராமையாவின் டியூட்டி.

மட்டப் பைத்தியம் கத்தாரில் பிடித்தது. ராஸ் லஃபானில் தொழிலாளர் கேம்ப்புக்குப் போர்ட்டா கேபின் என்னும் தகர அறைகளை இறக்கி வைக்கும் வேலை. சாய்வாக வைத்துவிட்டால் கதவு தானாகத் திறந்துகொண்டு ராத்திரி முழுக்க அடித்துக்கொண்டே இருக்குமாம். "உள்ள படுத்திருக்கவன் நம்மள எப்படித் திட்டுவான்னு எனக்குத் தெரியும். ஏன்னா, உள்ள படுத்திருந்தவனே நாந்தான்" என்கிறார். அங்கிருந்து கிளம்பும்போது கொண்டுவந்த ஒரே ஞாபகப் பொருள் அந்த மஞ்சள் கட்டை. இப்போது கேம்ப்பில் அவருடைய கட்டிலின் ஒரு காலுக்கு அடியில் அட்டை இருக்கிறது. கேரம் போர்டில் அவர் சரி என்று தலையசைக்காமல் யாரும் காயை அடிக்க முடியாது. அறைக்காரர்கள் வைத்த பெயர் ரசமட்டம்.

லீவில் ஊருக்குப் போனாலும் கட்டை கூடவே போகும். புதிதாகப் போட்ட தரையில் அதை வைத்துப் பார்த்துவிட்டுக் கொத்தனாரிடம் சண்டைக்குப் போனார். "தண்ணி ஓட வாட்டம் வேணும்லண்ணே" என்றாராம் கொத்தனார். ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. அவருடைய மனைவி பூவாயி இன்றைக்கும் வீடியோ காலில் வேண்டுமென்றே போனைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பேசுகிறார். ராமையாவும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் தன் தலையைச் சாய்த்துக்கொள்வார்.

சாமி சாஸ்திரம் என்று பேச்செடுத்தால் கையை உதறிவிடுவார். "குமிழிக்குத் தெரியாதது எனக்கும் தெரியாது."

சென்ற மாதம் அவரை வேலை செய்யும் இடத்திலேயே பார்க்க வாய்த்தது. ஷார்ஜா முவைலாவில் எங்கள் எதிர் பிளாட்காரர் முத்துராமன் கேரவன் வாங்கியிருந்தார். அவர் வாங்கிய கதையைச் சொல்ல வேண்டும். ஆகஸ்டில் ஒருநாள் லிப்டுக்குள்ளேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஸ்டென்ட் வைத்துக் காப்பாற்றினார்கள். வீட்டுக்கு வந்ததும் மற்றவர்கள் என்றால் உப்பைக் குறைப்பார்கள். இவர் கேரவன் விலை விசாரித்தார். "இத்தனை வருஷம் இந்த ஊர்ல இருந்துட்டு, மணல்ல ஒரு ராத்திரி தூங்கினதில்லப்பா" என்றார்.

அவர் மனைவி ராதாவுக்குக் கேரவன்மேல் கோபம் எதுவும் இல்லை. பயம்தான் இருந்தது, அதுவும் வேறொரு விஷயத்தில். முவைலா பிளாட்டுக்குக் குடிவந்த அன்று காய்ச்சிய பால் தெற்குப் பக்கமாகப் பொங்கி வழிந்துவிட்டது. தெற்கு எமனுடைய திசை என்று தஞ்சாவூரிலிருந்து அவருடைய அம்மா போனிலேயே சொல்லிவிட்டார். ராதா அதை யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே வைத்திருந்தார். லிப்டில் கணவர் சரிந்த அன்று அந்தப் பால்தான் முதலில் ஞாபகம் வந்தது என்று என் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறார். இந்தச் சக்கர வீட்டிலாவது பால் கிழக்கே பொங்க வேண்டும். அது ஒன்றுதான் அவருக்கு.

ஊருக்கு வெளியே, படகுகளையும் கேரவன்களையும் வாடகைக்கு நிறுத்தி வைக்கும் ஒரு யார்டு. காவலாளி மக்தூம் பாய் "யல்லா, யல்லா" என்று கையாட்ட, முத்துராமன் வலப்பக்கம் காட்ட, நான் இடப்பக்கம் காட்ட, ராமையா இன்ஜினை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தார். "எல்லாரும் கைய எறக்குங்க. நானே போயிக்கிறேன்." போய்க்கொண்டார். கேரவனின் மூக்கு கிழக்கே பார்த்து நின்றது. இழுத்து வந்த வண்டியைக் கழற்றிவிட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார்.

முத்துராமன் பையிலிருந்து நான்கு எலுமிச்சம்பழங்களை எடுத்தார்.

"சக்கரம் ரெண்டுதான் சார்" என்றார் ராமையா. "மிச்சத்த ஜூஸ் போட்டுக்கங்க. வண்டின்னா பழம், வீடுன்னா பாலு. இது எதுன்னு முடிவு பண்ணிக்கங்க."

"வீடு" என்றார் ராதா, சட்டென்று.

முன்பக்கம் ஜாக்கி இருக்கிறது. கைப்பிடியைச் சுற்றினால் மூக்கு ஏறும், இறங்கும். ராமையா அரை சுற்று ஏற்றுவார், உள்ளே போய் அடுப்பு மேடையில் கட்டையை வைத்துப் பார்ப்பார், வெளியே வந்து கால் சுற்று இறக்குவார். மக்தூம் பாய் இரண்டு முறை கடிகாரத்தைக் காட்டினார். "சபர் பாய், சபர்" என்று பொறுக்கச் சொன்னார் ராமையா. ஒருவழியாகக் குமிழி நடுவில் நின்றது. பெற்ற பிள்ளையைக் காட்டுவதுபோல எங்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

ராதா பாத்திரத்தில் பாலை ஊற்றி அடுப்பில் வைத்தார். போனில் அம்மா.

"அண்ணா, பிளாட்டுல பால் தெற்கால பொங்கிடுச்சு" என்றார் ராமையாவிடம். என் மனைவியிடம் மட்டும் சொன்னதை முன்பின் தெரியாத டிரைவரிடம் ஏன் சொன்னார் என்று தெரியவில்லை. "அதுக்கப்புறம்தான் இவருக்கு..."

"அது அடுப்பு சாஞ்சிருந்திருக்கும் மேடம். சாஞ்ச பக்கந்தான போகும்?"

"இது சாயலையே? அப்ப எந்தப் பக்கம் போகும்?"

ராமையா பெருமையாகச் சிரித்தார். "சுத்தமான மட்டம் மேடம் இது. எந்தப் பக்கம் வேணாலும் போகும்."

ராதாவின் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். முத்துராமன் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். அவர் கை நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தது. பாலின் ஓரத்தில் சின்னச் சின்ன நுரை கட்ட ஆரம்பித்தது. ராமையா குமிழியைப் பார்த்தார், ராதாவைப் பார்த்தார். கட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நீங்க பாத்துக்கிட்டு இருங்க தங்கச்சி. ஜாக்கியில ஒரு சின்ன வேல பாக்கி இருக்கு."

கதவோரம் நின்ற எனக்கு மட்டும் அவர் தெரிந்தார். குந்தி உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றினார். மூக்கு இறங்கியது. எறும்பு ஊர்கிற வேகம். உள்ளே இருந்த யாருக்கும் தெரிந்திருக்காது. இறக்கிவிட்டு, மணலில் மூக்கு எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்தார். முகம் கோணியது. சாய்ந்த டீ மேசையைக்கூட அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

உள்ளே பால் மேலே வந்தது, விளிம்பில் ஒரு கணம் தயங்கியது, பிறகு நுரையோடு வழிந்தது.

"கிழக்கு! அம்மா, கிழக்கும்மா!" ராதா கத்தினார். முத்துராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். போனுக்குள்ளிருந்து அம்மா, அடுப்பை அணைக்கச் சொல்லி அலறிக்கொண்டிருந்தார்.

"தானாப் பொங்குச்சும்மா" என்று ராதா போனில் சொல்லிக்கொண்டே தம்ளர்களில் பாலை ஊற்றினார். "யாரும் தொடக்கூட இல்ல."

வெளியே ராமையா கைப்பிடியை எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தார், ஊற்றுகிற பால் சிந்தாத வேகத்தில். ராதா முதல் தம்ளரை அவருக்கு எடுத்துக்கொண்டு கதவுக்கு வந்தார். "அண்ணா, இன்னுமா வேலை?"

"முடிஞ்சுச்சு தங்கச்சி" என்றபடி கேரவனின் முன்சட்டத்தில் கட்டையை வைத்தார். குமிழி நடுவில் வந்து நின்றதும் அதை வேட்டி மடிப்பதுபோல் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பாலுக்குக் கையை நீட்டினார்.