காதர் பாயின் குழாய்களும் அலமாரிச் சாவியும்

சென்ற செவ்வாய்க்கிழமை, தொழிற்சாலைச் சங்கு ஊதுவதற்குச் சற்று முன், கேட் காவலர் முனுசாமி என்னை நிறுத்தி, "சார், நம்ம காதர் பாய் பூட்டாரு சார்" என்றார். நெஞ்சடைப்பில் இறந்துவிட்டாராம். சோதனைச்சாலையில் பதினோரு வருடம் என் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர். 'இனி சோதனை அளவை எல்லோரும் என்னிடம்தானே கேட்பார்கள்' என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. இந்தத் தொழிற்சாலையில் அவரை அறிந்த உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

நான் பி.எஸ்ஸி. படித்தவன். அவர் வண்ணாரப்பேட்டைச் சாயப் பட்டறையிலிருந்து, இங்கே கண்ணாடிச் சாமான் கழுவ வந்தவர். திருவொற்றியூரில் நம் குடியிருப்புக் கிணற்றில் குளோரின் போதுமா என்று பார்ப்பது எங்கள் வேலைகளில் ஒன்று. தண்ணீரில் சோதனை மருந்து விட்டால், குளோரின் இருக்கும் அளவுக்கு மஞ்சள் ஏறும். அந்த மஞ்சளை, அளவுச் சீட்டு ஒட்டிய மாதிரிக் குழாய்களோடு ஒப்பிட வேண்டும். ஒரு மழைக்காலத்தில் நான் பார்த்து, "போதும்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். காதர் பாய் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் இது? தண்ணியே மஞ்சளா கீது. அந்த மஞ்சளையும் சேத்து எண்ணிட்டியே!"

மருந்து விடாத அதே தண்ணீரை இன்னொரு குழாயில் எடுத்து, மாதிரிக் குழாய்க்குப் பின்னால் நிறுத்தினார். தண்ணீரின் சொந்த நிறம் இப்போது இரண்டு பக்கமும் சமம். பார்த்தால், குளோரின் பாதிகூட இல்லை. அன்றே கிணற்றுக்கு மறுபடி குளோரின் போட்டார்கள். குடியிருப்பில் ஒரு பிள்ளைக்கும் பேதி வரவில்லை. பெரிய அதிகாரி அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். எனக்கு வயிறு எரிந்தது. படித்தவன் நான், பேர் குழாய் கழுவியவனுக்கா?

அந்த எரிச்சலில் ஒரு காரியம் செய்தேன். மேலிடத்திலிருந்து ஒருவர் பார்வையிட வந்த நாளில், சாப்பாட்டு வேளையில், அடுத்தடுத்த இரண்டு மாதிரிக் குழாய்களின் சீட்டுகளை மாற்றி ஒட்டினேன். அவர் ஒருமுறை, ஒரே ஒருமுறை தப்பாகச் சொன்னால் போதும் என்று இருந்தது.

காதர் பாய் வந்தார். வழக்கம்போல ஜன்னலோரம் வெள்ளைத்தாளை நிறுத்தி, குழாய்களை வெளிர்மஞ்சளிலிருந்து அடர்மஞ்சள்வரை கண்ணாலேயே வரிசைப்படுத்தினார். பிறகுதான் சீட்டைப் பார்த்தார். அப்புறம் என் விரலைப் பார்த்தார். கோந்து இன்னும் காயவில்லை.

"சீட்டு கொஞ்சம் பேஜாரு பண்ணுது, ஒரு நிமிசம் சார்" என்று வந்தவரிடம் சொல்லி, புதுச் சீட்டு எழுதி ஒட்டி, சரியான அளவைச் சொன்னார். என் பெயரை எடுக்கவே இல்லை.

மாலையில் என்னைத் தனியே கூப்பிட்டார். வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டே போனேன். அவரோ மாதிரிக் குழாய்களை வைத்துப் பூட்டும் அலமாரியின் சாவியை என் கையில் வைத்தார்.

"இனிமே நீயே பூட்டிக்கினு போ சார். உன்கிட்ட இருந்தா எவனும் தொடமாட்டான்."

நாலு திட்டு திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அந்த நம்பிக்கையைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. அதன்பிறகு ஒரு சீட்டின் ஓரம் உரிந்தாலும் பதறிப்போய் ஒட்டிவைப்பேன்.

அடக்கம் முடிந்த மறுநாள், அலமாரியைத் திறந்து, சீட்டுகளை மறைத்துக்கொண்டு, அவரைப் போலக் குழாய்களை வரிசைப்படுத்திப் பார்த்தேன். நடுவில் இரண்டு, எத்தனை முறை பார்த்தாலும், எனக்கு ஒரே மஞ்சளாகத்தான் தெரிந்தன. கடைசியில் சீட்டைப் பார்த்தேன். அன்று நான் சீட்டு மாற்றிய அதே இரண்டு குழாய்கள்; சீட்டில் அவர் எழுதிய எழுத்து.

உங்கள் கண்மேல் எனக்கு இன்னும் பொறாமைதான், பாய். சாவி பத்திரமாக இருக்கிறது.