சகலையின் மூச்சு

நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ரெட்டிபாளையத்தில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய ஒற்றை லாரியை ஐந்தாக்கினேன். ஒருவரும் கைதூக்கி விடவில்லை. யாரைப் பார்த்தும் நான் வயிறெரிந்ததில்லை, என் சகலையின் மூச்சைத் தவிர.

மனைவியின் தங்கை புருஷன் அவர். அரும்பாவூரில் வாத்தியாராக இருந்தவர். இருவருக்கும் ஒரே மூச்சிரைப்பு, ஒரே நீல இன்ஹேலர். எனக்கு முன்பெல்லாம் ரெண்டு இழுப்பு போதும். பிறகு நாலு, ஆறு. கைதான் நடுங்கியது, நெஞ்சு திறக்கவில்லை. அவரோ மாடிப்படியில் பேசிக்கொண்டே ஏறுவார்.

பேரனுக்குக் காதுகுத்து வந்தது. எங்கள் குலசாமி கோயிலில் தாத்தா பிள்ளையைத் தோளில் வைத்து மூன்று சுற்று வர வேண்டும். என்னால் முடியாவிட்டால் அடுத்த தாத்தா சகலைதான்.

மருந்துக் கடைக்காரன் அவருக்கு மட்டும் நல்ல சரக்கு கொடுக்கிறான் என்றே நினைத்தேன். விசேஷத்துக்குப் பத்து நாள் முன்பு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, பையிலிருந்த அவருடைய இன்ஹேலரை எடுத்துக்கொண்டு என்னுடையதை வைத்துவிட்டேன். அதிலும் எனக்குப் பலனில்லை. என்னுடையதோடு ஊருக்குப் போன அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

வேறு வழியில்லாமல், முன்பு மருந்து எழுதிக் கொடுத்த பெரம்பலூர் டாக்டரிடமே மறுபடி போனேன்.

"நீலத்த மட்டும் தெனமும் இழுத்துக்கிட்டே இருந்தா உடம்பு அதுக்குப் பழகிடும், வேகம் கொறையும். உள்ள இருக்குற வீக்கத்துக்குத்தான் காலையும் சாயங்காலமும் இழுக்க இன்னொன்னு குடுத்தேனே, அது எங்கங்க?"

"பீரோவுல இருக்குங்க. இழுத்தா ஒன்னுமே தெரியல சார், டூப்ளிகேட்டுன்னு நெனச்சேன்."

"அது உடனே தெரியாதுங்க. வாரக்கணக்குல விடாம இழுக்கணும்."

அன்றே ஆரம்பித்தேன். சகலையிடம் போனில் லேசாகக் கேட்டேன். "நான் அந்த இன்னொன்ன ஒரு நாள் விட்டதில்லண்ணே. நீலத்தத் தொட்டு ரெண்டு மாசமாச்சு" என்றார். வாத்தியார் புத்தி! கூடவே ஒரு வார்த்தை எனக்குச் சொல்லியிருக்கலாம்.

காதுகுத்து அன்று முதல் சுற்றைத் தலை நிமிர்ந்து முடித்தேன். இரண்டாவதில் நெஞ்சு விசிலடித்தது. மூன்றாவது தொடங்கும்போது கால் நின்றுவிட்டது. ஒரு வார மருந்து அவ்வளவுதான் தாங்கியது.

"குடுங்கண்ணே, ஒரு சுத்துதானே" என்று சகலை கையை நீட்டினார்.

கொடுத்தேன். பேரன் அவர் தோளில் ஏறியதும் சிரித்தான், துரோகி. அந்தச் சுற்றை அவர் வேண்டுமென்றே மெதுவாக நடந்தார் என்று இன்றைக்கும் சொல்வேன்.